ரேடாரை மோப்பம் பிடிக்கும் பெட்டி

என் தமக்கையின் கணவர் பல ஆண்டுகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் திருவான்மியூரில் எங்கள் தெருவிலேயே குடியேறினார். பெட்டிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இது என்னன்னு தெரியுமா, மாப்பிள்ளை? ரேடார் டிடெக்டர். கார் கண்ணாடியில் ஒட்டிவைத்தால் போதும். ரேடாரோடு போலீஸ்காரர் எங்கே நின்றாலும் முன்கூட்டியே கத்திவிடும். அங்கே பல வருஷம் என்னோடு வந்தது."

முந்தின வாரம்தான் அவருடைய அலைபேசிக்கு ஓர் அபராதச் செய்தி வந்திருந்தது. 60 கிலோமீட்டர் வரம்பு உள்ள இடத்தில் அவர் 78-இல் போயிருந்தார். அதை அவர் மறுக்கவில்லை. "நீதான் பிஸிக்ஸ் வாத்தியாராயிற்றே! கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது வேலை செய்யுமா, சொல்லு" என்றார்.

ஒரே சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வி அன்று இது. பெட்டி எதைக் கேட்கிறது, எப்படிக் கேட்கிறது, எதைக் கேட்காது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடை தானே கிடைக்கும். வாருங்கள், பார்ப்போம்.

வேகத்தை அலை எப்படி அளக்கிறது?

ரயில் நிலையத்தில் நில்லாமல் போகும் வண்டி ஊதிக்கொண்டே நம்மைக் கடக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். வண்டி நம்மை நோக்கி வரும்போது ஊதல் ஒலி உச்சமாகவும், கடந்து சென்றதும் சட்டென்று இறங்கியும் கேட்கும். வரும் வண்டி தன் ஒலியலைகளை நெருக்கித் தள்ளுகிறது. போகும் வண்டி அவற்றை இழுத்து விரிக்கிறது. இந்த விளைவைப் பற்றி ஆஸ்திரிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் எழுதினார். 1845-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட் ரயில் வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, தண்டவாளத்தருகே இசை அறிந்தவர்களை நிறுத்தி, ஒலியின் மாற்றத்தைச் சோதித்து மெய்ப்பித்தார்.

ஒலிக்குப் பொருந்துவது ரேடியோ அலைக்கும் பொருந்தும். காவலர் கையிலுள்ள ரேடார் துப்பாக்கி ஒரு நுண்ணலையை அனுப்புகிறது. பழைய கருவிகள் விநாடிக்கு 1,052 கோடி அதிர்வுகள் கொண்ட அலையை, அதாவது 10.525 கிகாஹெர்ட்ஸ் அலையை, அனுப்பின. இது எக்ஸ் பட்டை எனப்படும். பின்னர் வந்தவை 24.15 கிகாஹெர்ட்ஸ் அளவிலான கே பட்டையையும், 33 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கே-ஏ பட்டையையும் பயன்படுத்துகின்றன. கே பட்டை அலையின் நீளம் ஏறத்தாழ 1.24 சென்டிமீட்டர், நம் சுண்டுவிரல் அகலம் எனலாம்.

இந்த அலை ஓடிவரும் காரின்மீது பட்டுத் திரும்புகிறது. கார் எதிரே வருவதால், நின்றிருந்தால் சந்தித்திருக்கக்கூடியதைவிட அதிகமான அலைமுகடுகளைச் சந்திக்கிறது. அவற்றைத் திருப்பி அனுப்பும்போதும் ஓடிக்கொண்டே அனுப்புவதால் மறுமுறையும் நெருக்கிவிடுகிறது. ஆகவே மாற்றம் இருமடங்காகிறது. கணக்கு மிக எளிது. காரின் வேகத்தை இரட்டித்து அலைநீளத்தால் வகுக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். இரட்டித்தால் 33.3 மீட்டர். அதை 1.24 சென்டிமீட்டரால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 2,680 அதிர்வுகள் வரும்.

2,415 கோடியில் 2,680 என்றால் 90 லட்சத்தில் ஒரு பங்கு! இவ்வளவு சிறிய மாற்றத்தை எப்படி அளப்பது? தம்புராவின் இரு தந்திகளைச் சுருதி சேர்ப்பவரைப் பாருங்கள். இரண்டும் சற்றே வேறுபட்டால் ஒலி ஏறி இறங்கி விம்முகிறது. விம்மல்களின் எண்ணிக்கையே இரண்டு அதிர்வெண்களுக்கும் உள்ள வேறுபாடு. ரேடார் துப்பாக்கியும் இதையேதான் செய்கிறது. அனுப்பிய அலையையும் திரும்பி வந்த அலையையும் ஒன்றாகக் கலந்து விம்மலை எண்ணுகிறது. 2,680 அதிர்வு என்பது நம் காதுக்கே கேட்கக்கூடிய ஓர் ஒலி. அதை ஓர் ஒலிபெருக்கியில் விட்டால் காரின் வேகம் விசில் சத்தமாகக் கேட்கும்.

சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-இல் நிறுவப்பட்ட டாப்ளர் வானிலை ரேடாரும் இதே தத்துவத்தால்தான் புயலுக்குள் சுழலும் மழைத்துளிகளின் வேகத்தை அளந்து சொன்னது.

பெட்டி எப்படி முந்திக்கொள்கிறது?

ரேடார் காரைக் காண்பதற்கு முன்பே டிடெக்டர் ரேடாரைக் கண்டுகொள்ளும் என்று அத்தான் கூறியது உண்மையே. பெட்டியைச் செய்தவர்களின் திறமையைவிட, தூரத்தைப் பற்றிய ஓர் இயற்கை விதிதான் இதற்கு முதற்காரணம்.

விளக்கிலிருந்து இருமடங்கு தூரம் விலகினால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ரேடார் அலையும் அப்படியே. கார் இருமடங்கு தூரத்தில் இருந்தால் அதன்மேல் விழும் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்கு. ஆனால் ரேடாருக்கு வேண்டியது காரில் பட்டுத் திரும்பும் அலை அன்றோ? திரும்பும் பயணத்தில் அது மறுபடியும் பரவி நான்கில் ஒரு பங்காகிறது. நான்கில் ஒன்றின் நான்கில் ஒன்று பதினாறில் ஒன்று. பத்து மடங்கு தூரத்தில், காரிலுள்ள பெட்டிக்குக் கிடைப்பது நூறில் ஒரு பங்கு. காவலரின் ரேடாருக்குக் கிடைப்பதோ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

இருட்டில் டார்ச் விளக்கோடு நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்பது அவருக்குத் தெரியும் முன்பே, நெடுந்தூரத்தில் அவருடைய விளக்கின் புள்ளி உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. டிடெக்டருக்கு உள்ள ஆதாயம் இதுவே.

நுண்ணலையைப் பிடிக்கும் கலைக்கு நம் நாட்டில் ஒரு பழம்பெருமை உண்டு. 1890-களின் நடுவில் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளை உண்டாக்கி, கொம்பு வடிவக் குழாயால் அவற்றைத் திரட்டினார். கலினா என்னும் ஈயக் கனிமப் படிகத்தால் அலைகளை உணரும் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். அத்தானின் பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்ததும் ஒரு சிறு கொம்புக் குழாயும் அதன் முடிவில் குறைகடத்திகளுந்தான்.

போர்க்கடலில் பிறந்த தந்திரம்

ரேடாரைக் கேட்டுத் தப்புவது கார் ஓட்டிகள் கண்டுபிடித்த தந்திரம் அன்று. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் மெட்டாக்ஸ் என்னும் வாங்கியைச் சுமந்து சென்றன. பிரிட்டிஷ் விமானங்களின் ரேடார் அப்போது ஏறத்தாழ 1.7 மீட்டர் நீள அலையில் இயங்கியது. மெட்டாக்ஸ் அதைக் கேட்டதும் கப்பல் கடலுக்குள் மூழ்கிவிடும். சில மாதங்கள் இது நன்றாகவே பயன்பட்டது.

1943-இன் தொடக்கத்தில் நேசநாட்டு விமானங்கள் 10 சென்டிமீட்டர் அலைக்கு மாறின. மெட்டாக்ஸுக்கு அந்த அலை கேட்காது. பெட்டி மௌனமாயிருக்க, விமானம் தலைக்குமேல் வந்து நின்றது. அந்த ஆண்டு மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன. ரேடார் மட்டுமே இதற்குக் காரணமன்று எனினும், கேட்காத காதை நம்பியதும் ஒரு காரணமே. மெட்டாக்ஸ் தானே கசியவிடும் அலைதான் கப்பலைக் காட்டிக்கொடுக்கிறது என்று ஜெர்மானியர் பிற்பாடு ஐயுற்று அதை நிறுத்தியே வைத்தனர்.

சாலைகளிலும் ஏறத்தாழ இதே கதை நடந்தது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ரேடார் முதன்முதலாகச் சாலை வேகத்தை அளக்க வந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974-இல் அந்நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர், என்ற வரம்பு வந்தது. அகன்ற சாலைகளில் பழகியவர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஒகையோ மாநிலத்தில் பிறந்த ஃபஸ்பஸ்டர் என்ற டிடெக்டர் பெரும் விற்பனை கண்டது. 1978-இல் வந்த எஸ்கார்ட் என்னும் கருவி சூப்பர்ஹெட்டரோடைன் முறையைக் கையாண்டது. நம் வீட்டு வானொலிப் பெட்டியின் முறைதான் அது. கருவி தனக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கி, வரும் அலையோடு கலந்து, மிக மெல்லிய குறியையும் கேட்கிறது.

ஆனால் உள்ளே உண்டாகும் அலை சிறிது வெளியே கசிகிறது. அக்கசிவைப் பிடிக்கும் கருவியைக் காவலர்கள் வாங்கினர். டிடெக்டரைக் கண்டுபிடிக்கும் டிடெக்டர்! வர்ஜீனியா மாநிலத்திலும் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் காரில் டிடெக்டர் வைப்பதே குற்றம். மெட்டாக்ஸைப் பற்றி எழுந்த ஐயம், பல ஆண்டுகளுக்குப் பின் காரில் மெய்யாகிவிட்டது.

எல்.பி. சாலையில் ஒரு சோதனை

கதை போதும், செய்து பார்ப்போம் என்றார் அத்தான். ஓடும் காரில் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அனுமதியின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதை நம் நாட்டுச் சட்டம் 1933-இலேயே கட்டுப்படுத்தியது. ஆகவே இத்தகைய பெட்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர நினைப்போர் முதலில் சட்டம் அறிந்தவரைக் கேட்பது நல்லது. எங்கள் காரை எல்.பி. சாலையில் ஒரு பெரிய கடையின் எதிரே நிறுத்தி, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தோம்.

உடனே அலறியது. அருகில் காவலர் எவரும் இல்லை. கடையின் கண்ணாடிக் கதவு ஆள் வந்தால் தானே திறக்கும். அதற்கு மேலே உள்ள உணரி, வருபவரின் அசைவை அறிய, ரேடார் துப்பாக்கியை ஒத்த கே பட்டை அலையைத்தான் வீசுகிறது. கடையைவிட்டுத் தள்ளி நிறுத்தினோம். சற்று அமைதி. பிறகு ஒரு புதிய கார் கடந்தது, மறுபடியும் அலறல். பக்கத்தில் வரும் வண்டியை ஓட்டிக்கு உணர்த்த, சில கார்களின் பின்மூலைகளில் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் பெட்டியின் கூச்சல் தாங்காமல் அத்தானே அதை அணைத்துவிட்டார்.

புலி வருகிறது என்று நாள்தோறும் கத்திய சிறுவனின் கதைதான். பொய்யாக அடிக்கடி அலறும் மணியை மனிதக் காது சில நாட்களில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

ஒளிக்கு முன்னால் காது என்ன செய்யும்?

மெய்யான ரேடார் எதிர்ப்பட்டாலும் பெட்டி காப்பாற்றும் என்பது உறுதியில்லை. காவலர் தம் கருவியை ஓயாமல் இயக்கிக்கொண்டிருந்தால்தான் தொலைவிலேயே அலை கேட்கும். கார் அருகில் வந்தபின் விசையை அழுத்தினால், பெட்டி கத்தும் கணத்திலேயே வேகம் பதிவாகிவிடும்.

மேலும், இப்போது சாலைகளில் லேசர் துப்பாக்கியும் வந்துவிட்டது. அது அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்புகள். 300 மீட்டர் தொலைவிலுள்ள காரைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு நேரமே ஆகும். அந்நேரத்தை அளந்து தூரத்தையும், அடுத்தடுத்த துடிப்புகளில் தூரம் குறைவதைக் கொண்டு வேகத்தையும் கணக்கிடுகிறது. எல்லாம் அரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

கதிரின் அகலத்தையும் பாருங்கள். 12 பாகை விரியும் ரேடார் கதிர் 300 மீட்டருக்கு அப்பால் 60 மீட்டருக்குமேல் பரவிக் கிடக்கும். முன்னே போகும் வண்டிகளில் பட்டுச் சிதறும் அலையிலிருந்து பெட்டி துப்பறியும். லேசர் கதிரோ அதே தொலைவில் ஒரு மீட்டர் அகலமே இருக்கும். உங்கள் காரைக் குறிவைக்கும்வரை அது உங்களிடம் வராது. வந்துவிட்டால் அளவு முடிந்தது என்று பொருள். பெட்டி கத்துவது அபராதச் சீட்டுக்கு அடிக்கும் மணியாகத்தான் இருக்கும்.

எந்த அலையையும் வீசாத முறையும் உண்டு. சாலையின் இரு இடங்களில் காமிராக்கள் வண்டி எண்ணைப் படித்து, இடைத்தூரத்தைக் கடந்த நேரத்தால் வகுத்துச் சராசரி வேகத்தைச் சொல்லிவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதைக் கேட்க எந்த டிடெக்டராலும் இயலாது.

அரசே சொல்லிவிடுகிறது

"அப்படியானால் கருவி தப்பாகக் காட்டினால் நாங்கள் என்ன செய்வது?" என்றார் அத்தான். நியாயமான கேள்வி. இதற்கு மறைவாக ஒரு பெட்டி தேவையில்லை. சட்டத்திலேயே விடை இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் மின்னணுக் கண்காணிப்பு பற்றிய பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 2021 ஆகஸ்டில் வந்த 167-ஏ விதியின்படி, வேகம் அளக்கும் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்னதாகவே, கண்ணில் படும்படி, எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். அத்தானின் பெட்டி சொல்ல வேண்டியதை அரசின் பலகையே சொல்லிவிடுகிறது! பலகை இல்லாவிடில் அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2025-இல் வேகம் அளக்கும் ரேடார் கருவிகளும் சட்டமுறை எடையளவு விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டன. கடைக்காரரின் தராசைப்போல இவற்றையும் சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது ஏற்பாடு.

நிற்கும் ரேடாரைப் பற்றி இன்னொரு செய்தி. சாலையோரத்தில் சாய்வாக நின்று அளக்கும்போது அது காரின் முழு வேகத்தைக் காண்பதில்லை. தன்னை நோக்கி வரும் பங்கை மட்டுமே காண்கிறது. ஆகவே 20 பாகை சாய்ந்து அளந்தால் 60 கிலோமீட்டர் வேகம் 56 என்றுதான் காட்டும். சாய்வினால் வரும் பிழை ஓட்டிக்கே சாதகம்.

கேட்காத அலை

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேக வரம்புகளை வகுத்து அறிவித்தது. கார்களுக்கு 60, கனரக வண்டிகளுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர். "78-க்கும் 60-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?" என்று அத்தான் கேட்டார். காகிதத்தில் கணக்குப் போட்டோம். எளிமைக்காக 80 என்றே வைத்துக்கொண்டோம்.

குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது. உலர்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக்கு விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும். 60-இல் வரும் கார் அந்த ஒரு விநாடியில் 16.7 மீட்டரும், பிரேக்கு பிடித்தபின் 19.8 மீட்டரும் ஓடி, மொத்தம் 36.5 மீட்டரில் நின்றுவிடும். 80-இல் வரும் கார் பிரேக்கு பிடிக்கும் முன்பே 22.2 மீட்டர் போய்விடும். அதே 36.5 மீட்டர்க் கோட்டை அடையும்போது அதன் வேகம் எவ்வளவு இருக்கும்? மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். விடை, மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர்!

முதல் கார் நின்றுவிட்ட இடத்தில், இரண்டாவது கார் 62 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது. வரம்புக்கு மேல் கூட்டியது 20 கிலோமீட்டர்தான். மோதலில் மிஞ்சுவது 62. பிரேக்கு தின்ன வேண்டியது வேகத்தை அன்று, வேகத்தின் இருமடியாக வளரும் இயக்க ஆற்றலை என்பதால் வரும் விளைவு இது.

அத்தான் வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மருந்தீசுவரர் கோயில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே இருக்கிறது. பிரதோஷத்தன்று மாலை என் தமக்கை அந்தச் சாலையைக் கடந்துதான் கோயிலுக்குப் போகிறாள். பள்ளிப் பிள்ளைகளும், மீன்கூடை சுமந்தவர்களும் கடக்கிறார்கள். அவர்கள் எவரும் கே பட்டையில் அலை வீசுவதில்லை. அவர்களுக்காக எந்தப் பெட்டியும் கத்தாது. ஓட்டுபவரின் கண்ணும், காரின் வேகமும்தான் அவர்களுக்குக் காவல்.

மறுநாள் காலை அத்தான் பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டார். இப்போது அது எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அங்குள்ள நுண்ணலைக் கருவியின் மைக்ரோமீட்டர்த் திருகை மெல்லத் திருப்பி அதிர்வெண்ணை 10.525 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால், மேசையின் மறுகோடியிலிருந்து பெட்டி குரல் கொடுக்கும். சற்றே திருகினால் வாயை மூடிக்கொள்ளும். இடையில் ஓர் அலுமினியத் தகட்டை நீட்டினாலும் மௌனம். மரப்பலகையை நீட்டினால் கத்திக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அலையை மாணவர்கள் அப்படித்தான் முதன்முதலில் காதால் அறிகிறார்கள்.